எல்.கே.ஜி.க்காக ஒரு கையெழுத்து

இல்லீங் தம்பி, நான் டைவர்ஸுக்கு வரலீங்க. எங்க பாப்பாவோட எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு வந்திருக்கறேன்.

எதுக்குங்க அப்பிடிப் பாக்கறீங்க? இது ஃபேமிலி கோர்ட்டுன்னு எனக்குத் தெரியாதுங்களா? வாசல்ல அத்தனை பெருசா எழுதித்தான வெச்சிருக்குது. இந்த வராண்டாவுல புருசன் ஒரு மூலை, பொண்டாட்டி ஒரு மூலைன்னு மூஞ்சியத் திருப்பிட்டு உக்காந்திருக்கறாங்க, அதும் தெரியுது. நாங்க அந்தக் கூட்டம் இல்லீங்க. எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது, சச்சரவு கெடையாது. கல்யாணமாகி ஆறு வருசத்துல எம்பட சம்சாரம் என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. நாங்க பண்றது பிளானிங்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சொல்றேன். நம்ம நெம்பர் இருவத்தி மூணு. இப்பத்தான் பத்தொம்பது கூப்பிட்டிருக்கறாங்க.

எம்பேரு தெய்வசிகாமணிங்க. சூலூர்ல மோட்டார் வைண்டிங் கடை. கெணத்து மோட்டார், போர் மோட்டார், எது எரிஞ்சாலும் நம்மகிட்டத்தான் வரும். மோட்டார் எதுனால எரியுது தெரியுங்களா? பிளானிங் இல்லாம ஓட்டறதுனால. காயில் கருகி வாசம் வர்ற வரைக்கும் ஓட்டிப்போட்டு, அப்பறம் தூக்கிட்டு ஓடியாருவாங்க. கொழந்தைய ஸ்கூல்ல சேக்கறதையும் நம்ம சனம் அப்பிடித்தான் பண்ணுது. மூணு வயசு முடிஞ்சதுக்கப்பறம் வந்து, "எந்த ஸ்கூலுங்க நல்லாருக்கும்?"னு கேக்கறாங்க. மூணு வயசுல! அதுவரைக்கும் என்னத்தப் பண்ணிட்டு இருந்தாங்களோ, கொஞ்சிட்டு இருந்தாங்களாட்ட இருக்குது. நான் பொண்ணு பாக்கப் போனப்பவே ஆரம்பிச்சவனுங்க.

நெசமாத்தான் சொல்றேன். பொண்ணு ஊட்டுல கேசரி குடுத்தாங்க, பஜ்ஜி குடுத்தாங்க. எங்க மாமன்காரரு நகையப் பத்திப் பேசிட்டு இருக்கறாரு. நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "பொண்ணு என்ன படிச்சிருக்குது?" பிளஸ் டூ. ஆயிரத்து நூத்துச் சொச்சம் மார்க்கு. காலேஜுக்குப் போறேன்னு ரெண்டு நாள் சோறு திங்காம அழுதுதாம், அவங்க அப்பாரு உடலையாம். எனக்கு அங்கயே ஒரு இடி. ஏன்னா அந்த ஸ்கூல் ஃபாரத்துல நாலாவது கட்டம், தாயார் படிப்பு. பிளஸ் டூன்னு எழுதுனா தூக்கிக் கடாசிருவாங்க.

கல்யாணமே ஆகலையே, அதுக்குள்ள ஃபாரம் ஏதுன்னு கேக்கறீங்களா? ஜெராக்ஸ் வாங்கி வெச்சிருந்தேனுங்க. எந்த ஸ்கூலுன்னு கேக்காதீங்க. கோயமுத்தூர்ல ஸ்கூலுன்னா அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் மழைக்கு ஒதுங்கற எடம். பேரு வேண்டாம். திங்கக்கெழமை நமக்கு அங்க இன்டர்வியூ இருக்குது. கோர்ட் வராண்டாவுல உக்காந்து பேரச் சொல்லி, எவனாவது காதுல வாங்கி வெச்சு, எதுக்குங்க வம்பு.

அப்பறம் கேளுங்க. விருந்தெல்லாம் முடிஞ்ச கையோட கோகிலவாணிய, அதான் எம்பட சம்சாரம், தபால்ல பி.ஏ. இங்கிலீஷ் சேத்தி உட்டேன். பொஸ்தகம் வந்த அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்கோணுமே! கட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே அழுதுட்டா. "என்னைப் படிக்க வெக்கறீங்களா?"ங்கறா. நான் வெளையாட்டுக்குக்கூட பொய் சொல்ற ஆளில்லீங்க. "உன்னை எதுக்கு அம்மணி படிக்க வெக்கறேன், நாலாவது கட்டத்த ரொப்பறேன்"னேன். கண்ணத் தொடச்சுட்டு எந்திரிச்சுப் போயி சோத்த வடிச்சா. புரிஞ்சுக்கிட்டா. அப்பவே சட்டுன்னு புரிஞ்சுக்கற பொண்ணுங்க.

ஆனா படிச்சா பாருங்க, படிப்புன்னா படிப்பு! பரீட்சைக்கெல்லாம் அவளே பஸ் ஏறிப் போயிட்டு வருவா. வயித்துல பாப்பா இருக்கும்போது ரெண்டாம் வருசம் எழுதுனா. பாப்பாவ மடியில போட்டு ஆட்டிக்கிட்டே மூணாம் வருசம். எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ். எதுக்கு அம்மணி இத்தனை மார்க்கு, ஃபாரத்துல மார்க்குக்குக் கட்டமே இல்லையேன்னு சிரிப்பேன். அவளும் சிரிப்பா.

பொறந்த தேதி இன்னொரு கண்டம். சேக்கற வருசம் மே முப்பத்தியொண்ணுக்குள்ள மூணு வயசு முடிஞ்சிருக்கோணும். டாக்டரம்மா குடுத்த தேதி ஜூன் நாலு. நாலு நாளுக்காக ஒரு வருசம் போயிரும், எப்பிடி உடறது? டாக்டரம்மாகிட்டப் போயி, கொஞ்சம் வெரசா எடுத்துக் குடுங்கன்னு பணிவாத்தான் கேட்டேன். அந்தம்மா என்னைப் பாத்துக் கத்துன கத்துல நர்ஸுங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. பிளானிங் தெரியாத டாக்டர். கோகிலாவப் பாருங்க. மே இருவத்தொம்பதாந் தேதி அவளாவே பெத்துப் போட்டா. அதுக்குத்தான் சொல்றேன், அவளாட்ட ஒத்தாசையான பொம்பளைய நீங்க பாக்க முடியாது. பேரு கூட லிஸ்டுல மொதல்ல வரோணும்னு ரெண்டு ஏ போட்டு ஆன்யான்னு வெச்சேன். அவ வேற என்னமோ ஒரு பேரு ஆசையா வெச்சிருந்தா. நெனப்பு வரமாட்டேங்குது.

அதுக்கடுத்தது அட்ரஸு. ஸ்கூலுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள குடியிருந்தா தனி மார்க்கு. நமக்குக் கடை சூலூர்ல, சொந்த ஊடும் சூலூர்ல. அதனால ஸ்கூல் பக்கத்துலயே ஒரு ஊடு பாத்து, கோகிலா பேர்லயே வாடகை அக்ரிமென்ட் போட்டு, அவ ஆதார்ல அட்ரஸ மாத்தி, அவ பேர்லயே தனி ரேஷன் கார்டும் வாங்கி, தாயையும் புள்ளையையும் குடி வெச்சுட்டேன். பாப்பாவுக்கு அப்ப ஆறு மாசம். கொண்டு உட்டுக் கூட்டிட்டு வர்றதுக்கு வண்டி ஓட்டத் தெரியோணுமே? ஸ்கூட்டி வாங்கிக் குடுத்து லைசென்ஸ் எடுக்க வெச்சேன். ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு அனுப்புனேன். மான்டிசோரி டிரெய்னிங் முடிச்ச தாயாருன்னா அந்த ஸ்கூல்ல மதிப்புன்னாங்க, அதையும் படிக்க வெச்சேன். சொந்தக்காரங்க எல்லாம், பொண்டாட்டிய இப்பிடித் தனியா உட்டு வெச்சிருக்கறானே, பைத்தியமா இவன்னு பேசுனாங்க. பேசிட்டுப் போகட்டும். அவங்க புள்ளைங்க எங்க படிக்குதுங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?

நான் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போயிருவேன். கடை லீவு. ஒரு நோட்டுப் போட்டு நூத்தி நாப்பது கேள்வி எழுதி வெச்சிருக்கறேன், இந்தா, இந்தப் பையிலதான் இருக்குது. காலைல ஒம்பது மணிக்கு அந்த ஊட்டுல ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்குவேன். பாப்பா வெளிய இருந்து கதவத் தட்டோணும். "மே ஐ கம் இன்"ங்கோணும். கம் இன் சொன்னாத்தான் வரோணும். வந்தொடன கேள்வி. பாப்பாவுக்கு முடிஞ்சதும் கோகிலாவுக்கு. மத்தியானம் சோறு, அப்பறம் மறுபடி ஒரு ரவுண்டு. பொழுது சாய பஸ் ஏறிருவேன். மத்த அப்பனுங்களாட்டம் பார்க்கு, பானிபூரின்னு நேரத்த ஓட்டறவன் இல்லீங்க நான். ரெண்டு வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை உட்டதில்லை.

இத்தனையும் பண்ணி, பிரீ-கேஜிக்கு இன்டர்வியூ போனமுங்க, போன வருசம் இதே டிசம்பர்ல. பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. போனா, அந்த பிரின்சிபாலம்மா ஒரு கேள்வி கேக்கல. நோட்டுல இருந்து ஒண்ணே ஒண்ணு? கெடையாது. எனக்கு ஒரு காயிதம், கோகிலாவுக்கு ஒரு காயிதம் குடுத்து, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம எழுதுங்கன்னுட்டாங்க. பாப்பாவோட ஃபிரண்டு யாரு? பாப்பா எதுக்குப் பயப்படும்? அழுதா என்ன பண்ணுனா நிறுத்தும்? இதெல்லாம் ஒரு கேள்வியாங்க? இதுக்கா நான் அஞ்சு வருசம் தூங்காமக் கெடந்தேன்?

அசரலீங்களே நான். ஃபிரண்டு, பொஸ்தகம். பயம், இல்லை. அழுகை, அழுவதில்லை. பளிச்சுன்னு எழுதிக் குடுத்தேன். கோகிலா பக்கம் பக்கமா எழுதறா. அந்தம்மா ரெண்டு காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க. நான் இந்தப் பக்கமிருந்து தலைகீழாப் படிச்சேன். ஃபிரண்டு, துணி தேய்க்கற அம்மா புள்ளை சபரின்னு எழுதியிருக்கறா. எதைய எங்க எழுதறதுன்னு இல்லீங்களா? அதுக்குக் கீழ, எதுக்குப் பயப்படுவாள்ங்கற எடத்துல, "ஞாயித்துக்கெழமை."

ஞாயித்துக்கெழமைக்கு எந்தக் கொழந்தையாவது பயப்படுமாங்க? பல்லின்னு எழுதியிருக்கலாம், மிக்ஸின்னு எழுதியிருக்கலாம். வெளிய வந்து கேட்டேன். "மனசுல வந்தத எழுதுனேனுங்க"ன்னா. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன், அதுலயும் ஒரு அர்த்தம் இருக்குது. லீவு நாளுன்னா கொழந்தைக்குப் புடிக்கறதில்லை, படிப்புல அத்தனை ஆர்வம். நல்ல பதிலுதான். அந்த பிரின்சிபாலம்மாவுக்குத்தான் விளங்கல. சீட்டு இல்லைன்னுட்டாங்க.

எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கலீங்க.  அப்பத்தான் ஒருத்தரு சொல்லி, ஆர்.எஸ்.புரத்துல ஒரு அட்மிஷன் கன்சல்டன்ட்கிட்டப் போனேன். ஏசி ரூமு, மீன் தொட்டி, மூக்கு நுனியில கண்ணாடி. நம்ம ஃபைல முழுசாப் பொரட்டிப் பாத்தாரு. "அம்மா படிப்பு ஏ ஒன். அட்ரஸ் ஏ ஒன். கொழந்தை பிரமாதம். உங்க ஃபைல்ல வீக் பாயின்ட்டு ஒண்ணுதானுங்க, அப்பா"ன்னாரு.

கோபம் வருமா வராதா? வரலீங்க எனக்கு. தொழில் தெரிஞ்சவன் சொன்னாக் கேட்டுக்கோணும். எதுங்க வழின்னேன். அந்த ஸ்கூல்ல சிங்கிள் பேரண்டுக்கு தனி லிஸ்ட்டாமா. பத்து சீட்டு, போட்டியே இல்லையாமா. இன்டர்வியூவுக்குக்கூட அம்மாவும் கொழந்தையும் மட்டும் போனாப் போதுமாமா. அப்பனைக் கழிச்சுட்டா கணக்கு நேராயிருதுங்க! எனக்கு அந்த ஏசி ரூம்ல உக்காந்து அப்பிடி ஒரு சந்தோசம். காயிதத்துல மட்டும் டைவர்ஸு. எல்.கே.ஜி. சீட்டு கைக்கு வந்ததும் மருதமலையில மறுபடி ஒரு தாலி, முடிஞ்சுது சோலி.

கோகிலாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் யோசனையா இருந்துது. டைவர்ஸுன்னா மத்த பொம்பளைங்க மாரடிச்சு ஊரைக் கூட்டிருவாங்களே. இவ என்ன பண்ணுனாங்கறீங்க? கேட்டா. அடுப்ப அணைச்சுட்டு வந்தா. "எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"னா. அவ்வளவுதான்! தம்பி, நீங்க சண்டைக் கேஸுதான? உங்க பக்கத்துல எத்தனை வாய்தா ஆச்சு? பாத்தீங்களா. குடும்பத்துல ஒரு புரிதல் இருந்தா டைவர்ஸுகூட எத்தனை சுளுவா நடக்குது.

வக்கீலு கேட்டாரு, பரஸ்பர சம்மதம்னா ஒரு வருசம் தனித்தனியா இருந்திருக்கோணுமே, ஆதாரம் வேணுமேன்னு. பையில கைய உட்டு எடுத்துக் குடுத்தேன் பாருங்க, வாடகை அக்ரிமென்ட்டு, ஆதாரு, ரேஷன் கார்டு! ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு. மனுசன் அசந்துட்டாரு. எம்பட சர்வீஸுல இத்தனை ரெடியா ஒரு கட்சிக்காரன் வந்ததில்லைன்னாரு. ஜூன்ல பெட்டிசன் போட்டோம். கவுன்சிலிங்குன்னு ஒண்ணு வெப்பாங்களே, அதுக்கு ஒரு பக்கம் வசனம் எழுதி அவகிட்டக் குடுத்திருந்தேன், எம்புருசன் என்னைக் கவனிக்கறதில்லைன்னு. அவ அந்தக் காயிதத்தைத் தொடவே இல்லீங்க. அவ பாட்டுக்கு முக்கா மணி நேரம் பேசறா. "இவரு எங்கிட்ட ஆறு வருசமா கேள்விதாங்க கேட்டிருக்கறாரு, ஒரு நாளும் பேசுனதில்லை"ங்கறா. "பாப்பா இவரு மடியில ஒரு நாள் உக்காந்ததில்லை"ங்கறா. கவுன்சிலர் அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாங்க.  என்ன நடிப்பு! வெளிய வந்து நல்லாப் பண்ணுன அம்மணின்னு பாராட்டுனேன். தலையக் குனிஞ்சுட்டு ஸ்கூட்டிய எடுக்கப் போயிட்டா. அடக்கம்.

அதுல இருந்து ஆறு மாசம் நான் அந்த வீதிப் பக்கமே தலைவெச்சுப் படுக்கலீங்க. அக்கம்பக்கத்துல எவனாவது பாத்துட்டு, இவுங்க ஒண்ணாத்தான இருக்கறாங்கன்னு போட்டுக் குடுத்துட்டா? போனு மட்டுந்தான். பாப்பா நல்லாருக்குதான்னு கேட்டா, "இப்பெல்லாம் நல்லாத் தூங்குதுங்க"ம்பா. அவ கொரலும் தெளிவா இருக்கும். பின்னாடி கொழந்தைங்க சத்தம் கேக்கும். எங்கயோ டீச்சர் வேலைக்குப் போறேன்னா, போகட்டும், இன்டர்வியூல தாயார் தொழில்னு ஒரு கட்டம் இருக்குதுல்லன்னு நானும் சரின்னுட்டேன்.

அதா, கூப்பிடறாங்க. தெய்வசிகாமணி, கோகிலவாணி. அந்தச் சிமென்ட் கலர் சேலை, அவதாங்க. அக்கட்டால, அந்தக் கடைசித் தூணுகிட்ட நின்னுட்டு இருந்திருக்கறா, நான் பாக்கவே இல்லை பாருங்க. ஆள் கொஞ்சம் பூசுனாப்புல இருக்கறா. பையப் பாத்துக்குங்க தம்பி, வந்தர்றேன்.

முடிஞ்சுதுங்க. அஞ்சு நிமிசம்.

ஜட்ஜம்மா என்னைக் கேட்டாங்க, சம்மதமுங்கன்னேன். அவளைப் பாத்து, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியாம்மான்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. "யோசிச்சுட்டேனுங்க"ன்னா. அவ்வளவுதான்.

பையக் குடுங்க. இல்ல, இருக்கட்டும். தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க.

வெளிய வந்து, அந்த மாடிப்படிகிட்ட, திங்கக்கெழமை ஒம்பதரைக்கு ஸ்கூல்ல இருக்கோணும், வந்து நோட்ட வாங்கிக்க, பாப்பாவுக்கு இந்த வாரம் கேள்வி பழக்கி உடுன்னு சொன்னேன். பாப்பாவ யாருகிட்ட உட்டுட்டு வந்தேன்னும் கேட்டேன். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க"ன்னா.

எந்த ஸ்கூலுக்கு? விஜயதசமியன்னைக்கே சேத்திட்டாளாமா. உடுமலைப் பக்கம் அவ வேலை பாக்கற ஸ்கூல்லயே. ஊடும் அங்கயே மாத்தியாச்சாமா. அந்த ஸ்கூல் பேர நான் கேள்விப்பட்டதே இல்லீங்க. இன்டர்வியூகூட கெடையாதாமா! தட்டுல அரிசியப் பரப்பி, பாப்பா கையப் புடிச்சு எழுத வெச்சு, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாமா. இன்டர்வியூ வெக்காதது ஒரு ஸ்கூலுங்களா? எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். ஆறு வருசம் அம்மணி, ஆறு வருசம்! பத்து சீட்டு லிஸ்ட்டு! அப்பனையே கழிச்சுக் குடுத்திருக்கறேனே, அதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தக் குடுப்பான்னு கத்திட்டேன். போலீஸ்காரரு கூட திரும்பிப் பாத்தாரு.

அவ கத்தல. "பாப்பா இப்பக் கதவத் தட்டாம உள்ள வருதுங்க"ன்னா. சொல்லிட்டு ஸ்கூட்டி சாவிய எடுத்துட்டா.

அப்பத்தாங்க எனக்கு ஒண்ணு உறைச்சுது. படியில எறங்குனவளைக் கூப்பிட்டு நிறுத்தி, சரி அம்மணி, பாப்பாவ அக்டோபர்லயே சேத்தியாச்சு, சீட்டு வேண்டாம், லிஸ்ட்டு வேண்டாம், அப்பறம் இன்னைக்கு எதுக்கு மெனக்கெட்டு அத்தனை தூரத்துல இருந்து வந்தேன்னு கேட்டேன்.

"கையெழுத்துப் போடத்தானுங்க வந்தேன்"னா.

 மருதமலைக்கு நாள்கூடப் பாத்து வெச்சிருக்கறேன். போயிட்டா. வண்டிய அப்பிடி வளைச்சு எடுத்துட்டுப் போறா, திரும்பிக்கூடப் பாக்கல.

ஏனுங் தம்பி, நீங்க படிச்சவராட்ட இருக்கறீங்க, நீங்க சொல்லுங்க. இவ இதை எப்ப இருந்து பிளான் பண்ணியிருப்பா?